டிரம்ஸ் அறையும் அண்டை வீடும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை டிரம்ஸ், மிருதங்கம் முதலிய தோற்கருவிகளுக்கான அறையைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகன் இரண்டாண்டுகளாக டிரம்ஸ் பயில்கிறான். எங்கள் தனி வீட்டின் மாடியில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையை அவனுக்கென ஒதுக்கியிருக்கிறோம். பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கத் தொடங்கிவிட்டார்கள். சுவர் முழுவதும் முட்டை அட்டை ஒட்டிப் பார்த்தோம், பயனில்லை. கூம்பு கூம்பாக இருக்கும் ஓர் அங்குல ஃபோமை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று கடைக்காரர் சொல்கிறார். ஒட்டலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒட்ட வேண்டாம். முட்டை அட்டைக்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வயதில் நானும் பேக்கரி பேக்கரியாக அலைந்து அவற்றைச் சேகரித்தவன்தான். நீங்கள் கேட்பது ஒன்று, கடைக்காரர் விற்பது வேறொன்று. அறைக்குள் எழும் ஒலியை வெளியே விடாமல் நிறுத்துவது தடுப்பு வேலை. சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலியை அறைக்குள்ளேயே அடக்குவது சீரமைப்பு வேலை. தடுப்புக்கு எடையும் சந்துபொந்து இல்லாத மூடலும் வேண்டும். சீரமைப்புக்கு நுண்துளைகள் நிறைந்த தடித்த பஞ்சு வேண்டும். அந்த ஃபோமை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வருமானால் ஒலியும் வரும்.

உங்கள் வீட்டுச் சுவர் இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருக்குமானால், அது சுமார் 50 டெசிபல் அளவுக்கு ஒலியைக் குறைக்கக்கூடியது. உள்ளே 110 டெசிபல் அடித்தால் வெளியே 60 மட்டுமே இருக்க வேண்டும். ஆனால் அப்படி இருப்பதில்லை. காரணம், அதே சுவரின் உச்சியில் நம் வீடுகளில் வழக்கமாக விடும் வென்டிலேட்டர். சுவர் பத்தடிக்குப் பத்தடி என்றால் பரப்பு 100 சதுர அடி. வென்டிலேட்டரின் திறப்பு 1 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவரைக் கருங்கல்லால் கட்டினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. வெளியே 90 டெசிபல் போய்க்கொண்டிருக்கும். ஆகவே முதல் செலவு ஒரு கொத்தனாரின் அரைநாள் கூலி: வென்டிலேட்டரைச் செங்கல் வைத்துக் கட்டி இருபுறமும் பூசிவிடுங்கள். காற்றுக்கு என்ன செய்வது என்பதை வேறொரு கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன். அதைப் படிக்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது கதவு. நம் புதிய வீடுகளில் அறைக் கதவுகளுக்குக் கீழ்நிலை வைப்பதில்லையாதலால் கதவுக்கும் தரைக்கும் இடையே அரை அங்குலமாவது இடைவெளி இருக்கும். மூன்றடி அகலக் கதவில் அந்தக் கோடு 18 சதுர அங்குலம். ஏழடிக்கு மூன்றடிக் கதவின் பரப்பில் சுமார் 170இல் ஒரு பங்கு. அந்தக் கீற்று ஒன்றே கதவை 22 டெசிபலுக்குமேல் தடுக்க விடாமல் செய்துவிடும். உள்ளே வெற்றிடம் கொண்ட கதவைக் கழற்றிவிட்டுத் திண்ணமான மரக்கதவைப் போட்டு, நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டி, கீழே ஒரு மரப்படியும் வைத்துக் கதவு அதன்மேல் அழுந்தி மூடுமாறு செய்யுங்கள். பிறகு இரவில் அறை விளக்கை எரியவிட்டு, வெளி விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஒலி கசியும் இடம். ஜன்னலோரத்தில் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தால் புகை எங்கே வளைகிறது என்பதும் அதையே காட்டும். ஜன்னலுக்கு, அதன் அளவுக்கே செய்த கனமான பலகை அடைப்பு போதும்: 19 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு, நடுவில் ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு), விளிம்பில் ரப்பர்.

இவ்வளவும் செய்த பிறகு வெளியே கேட்பது பெரும்பாலும் கிக் டிரம் மட்டுமாகத்தான் இருக்கும். தாழ்ந்த அதிர்வெண்ணில் எந்தச் சுவரின் தடுப்பும் குறைவு. போதாக்குறைக்கு, பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அடி காங்கிரீட் தளத்தில் நேரடியாக இறங்கிக் கீழ்த்தளம் வரை போகிறது. இதற்குச் சுவரில் மருந்து இல்லை, தரையில்தான் இருக்கிறது. இரண்டு பிளைவுட் தட்டுகளுக்கு நடுவே பழைய டென்னிஸ் பந்துகளை வரிசையாக வைத்து, மேல்தட்டில் டிரம்ஸை அமைக்கும் முறை உலகெங்கும் வீட்டுக் கலைஞர்களிடம் வழக்கத்தில் இருக்கிறது. பந்துகள் உருளாதிருக்கக் கீழ்த்தட்டில் வட்டத் துளைகள் வெட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் மகன் உட்கார்ந்த நிலையில் பந்துகள் சற்றே அமுங்கியிருக்க வேண்டும். தட்டையாக நசுங்கினால் பந்துகள் போதவில்லை, அமுங்கவே இல்லையென்றால் அளவுக்கு மேல் இருக்கின்றன. மேல்தட்டின் ஓரம் சுவரைத் தொட்டுவிடக் கூடாது. ஒரு விரற்கடை தொட்டாலும் அதன் வழியே எல்லாம் போய்விடும்.

கேள்வி: சாலிகிராமத்தில் சிறிய ஒலிப்பதிவு அறை நடத்துகிறேன். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். வெளியே சத்தம் போவதில்லை. ஆனால் டிரம்ஸைப் பதிவு செய்தால் தகரப் பெட்டிக்குள் அடித்ததுபோல் இருக்கிறது. கிக் டிரமில் ஒரே ஒரு சுரம் மட்டும் ‘ஊம்’ என்று நீள்கிறது. எல்லாச் சுவரிலும் ஃபோம் ஒட்டியிருக்கிறேன். எங்கே தவறு? – வாசகர், சென்னை

பதில்: தவறு உங்களுடையதன்று, அறையின் வடிவத்துடையது. சென்னை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நிற்கும் முதல் அலையின் (நிலையலை) நீளம் அந்த இடைவெளியைப்போல் இருமடங்கு. ஆகவே 349ஐ 6.1ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். நீளத்திலும் அகலத்திலும் உயரத்திலும் இதே எண்தான் வரும். மூன்று திசைகளும் ஒரே சுரத்தைத் தூக்கிப்பிடிக்கின்றன. கிக் டிரமின் அடிநாதமும் அந்த எல்லையில்தான் இருக்கிறது. கனசதுரத்தைவிட மோசமான இசையறை வடிவம் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

ஃபோம் ஏன் கைவிட்டது? பஞ்சுபோன்ற பொருள்கள் காற்றுத் துகள்களின் ஓட்டத்தை உராய்வால் தடுத்து ஒலியை வெப்பமாக்குகின்றன. சுவரை ஒட்டியே அந்த ஓட்டம் சுழியம். அலைநீளத்தில் கால்பங்கு தள்ளி வந்தால்தான் அது உச்சத்தை எட்டும். 57 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் ஐந்தடி. உங்கள் ஃபோமின் தடிமன் ஓர் அங்குலம். சிம்பல் என்ற உலோகத் தட்டின் மினுமினுப்பை அது தின்றுவிட்டது, கீழ்ச் சுரங்களை அப்படியே விட்டுவிட்டது. மிஞ்சிய நடுத்தர அதிர்வெண்களின் முழக்கத்தையே தகரப் பெட்டி என்கிறீர்கள். ஃபோமின் அட்டைப்பெட்டியில் என்.ஆர்.சி. (ஒலியை உறிஞ்சும் திறனைக் குறிக்கும் எண்) 0.7 என்றோ 0.8 என்றோ அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களில் எடுத்த அளவுகளின் சராசரி. 125 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழே இருப்பதும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. டிரம்ஸ் அறைக்கு அதை நம்பிப் பொருள் வாங்குவது, வண்டி எப்படி இழுக்கும் என்று பாராமல் வண்ணத்தைப் பார்த்து வாங்குவதுபோல.

செய்ய வேண்டியது இது. ஃபோமில் பாதியையாவது உரித்துவிடுங்கள். நான்கு செங்குத்து மூலைகளிலும், தரையிலிருந்து கூரை வரை, இரண்டடி அகலச் சட்டகத்தைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் உண்டாகும் முக்கோண வெளி முழுவதையும் கன மீட்டருக்கு 32 முதல் 48 கிலோ வரை அடர்த்தியுள்ள ராக்வூலால் நிரப்புங்கள். அடர்த்தி கூடினால் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஓர் அடி ஆழமுள்ள அடைப்பில், மிகுந்த அடர்த்தியுள்ள பலகம் ஒலியை உள்ளே விடாமல் திருப்பியனுப்பவும் கூடும். இழைகள் உதிராதபடி நெய்யாத துணியால் சுற்றி, அதன்மேல் பருத்தித் துணி போர்த்துங்கள். ராக்வூலைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். சட்டகத்தை மரத்தில் செய்தால் கரையானும் மழைக்கால ஓதமும் உங்களோடு குடித்தனம் நடத்தும், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டகம் நல்லது.

மூலைகள் 57 ஹெர்ட்ஸை ஓரளவே தணிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஒரு சுரத்துக்கென்றே ஒரு பொறி செய்யலாம். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டைச் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, நாற்புறமும் காற்றுப் புகாத பெட்டியாக அடித்து, உள்ளே பலகையைத் தொடாமல் சிறிது ராக்வூல் வைத்தால், பலகையின் எடையும் உள்ளிருக்கும் காற்றின் மீள்தன்மையும் சேர்ந்து ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில் அதிர்ந்து அந்த ஆற்றலைத் தின்னும். பெட்டியில் ஒரு சந்து இருந்தாலும் அது வெறும் அலமாரிதான்.

கூரைக்கு வருவோம். ஓவர்ஹெட் மைக் உங்கள் கூரையிலிருந்து இரண்டடி கீழே தொங்குகிறது என்று கொள்வோம். கீழிருந்து வரும் ஒலி மைக்கைக் கடந்து கூரையில் மோதித் திரும்புகையில் நான்கடி, அதாவது 1.2 மீட்டர் அதிகம் பயணித்து வருகிறது; மூன்றரை மில்லிநொடித் தாமதம். நேர் ஒலியும் தாமதித்த ஒலியும் கலக்கும்போது 145 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளமும், அதன் ஒற்றைப்படை மடங்குகளில் அடுத்தடுத்த பள்ளங்களும் விழுகின்றன. ஸ்னேர் என்ற, குச்சியால் அடிக்கும் முக்கிய டிரம்மின் உடல் அங்கேதான் இருக்கிறது. பதிவான பிறகு எந்த ஈக்வலைசராலும் அதை நிரப்ப முடியாது. ஆகவே டிரம்ஸுக்கு நேர் மேலே ஆறடிக்கு எட்டடிப் பரப்பில், 10 சென்டிமீட்டர் தடித்த ராக்வூல் பலகங்களைக் கூரையிலிருந்து இன்னொரு 10 சென்டிமீட்டர் இறக்கித் தொங்கவிடுங்கள். இந்த அறையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் முதலில் இதைத்தான் செய்வேன்.

செலவில்லாத இரண்டு வேலைகளும் உண்டு. டிரம்ஸை அறையின் நட்டநடுவில் வைத்திருந்தால் நகர்த்துங்கள். முதல் நிலையலை நடுவில் காணாமற்போகும், மூலையில் பொங்கும். ஒருவரைக் கிக் டிரமைச் சீராக மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அறையெங்கும் குனிந்து நடந்து, எங்கே ஒலி நிறைவாகவும் சட்டென்று நிற்பதாகவும் இருக்கிறது என்று காதால் தேடி அங்கே மைக்கை வையுங்கள். இரண்டாவது, ஸ்னேரின் நடுவில் ஒரு நூலைப் பிடித்து இரண்டு ஓவர்ஹெட்களுக்கும் ஒரே தூரம் இருக்குமாறு அளந்து கட்டுங்கள். கூடவே ஒன்று: 1970–71 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையில், மாடிப்படிக் கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்து, மேல்தளத்திலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டு லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹாமைப் பதிவு செய்தார்கள். அந்த முழக்கத்தைத் தந்தது அங்கிருந்த உயரம். பத்தடிக் கூரையின்கீழ் அதைத் தேடாதீர்கள். வறண்ட, நெருக்கமான, சுத்தமான ஒலியே உங்கள் அறையின் பலம்.

கேள்வி: பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாத்தினால் போதாதா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: ஃபோமைவிட நன்றாகவே உழைக்கும். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். எலிக்கும் நெருப்புக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கேள்வி: மிருதங்க வகுப்பு நடத்துகிறேன். பன்னிரண்டடிக்குப் பதினைந்தடிக் கூடம், டைல்ஸ் தரை. நாலைந்து மாணவர்கள் சேர்ந்து வாசித்தால் சொற்கட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்புகின்றன. டிரம்ஸ் அறைபோலவே செய்துவிடலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவ்வளவு வேண்டாம். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கம், சுருதியோடு சேரும் தோல். அதன் நடுவிலுள்ள கரணை என்ற கருவட்டம், தோலின் மேற்சுரங்களை அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதை சி.வி. ராமன் 1920இலேயே எழுதி, 1934இல் விரிவாக விளக்கினார். பஞ்சு மிகுந்த அறையில் முதலில் மடிவது அந்த மேற்சுரங்கள்தான். சாப்பு என்ற அடி கேட்கும், நாதம் கேட்காது.

எவ்வளவு பஞ்சு என்பதைக் கணக்கிடலாம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்ற புகாரை 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் இரவுகளில், பக்கத்து சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார்; விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விடும். அவருடைய முதல் அலகே ‘இத்தனை மெத்தை’ என்பதுதான். அதிலிருந்து பிறந்த விதி: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒலியை முழுதாக விழுங்கும் பரப்புக்கு ஈடான சதுர மீட்டர்) வகுத்தால் எதிர்முழக்க நேரம் நொடிகளில் கிடைக்கும்.

உங்கள் கூடத்தின் உயரம் பத்தடி என்று கொண்டால் கன அளவு 51 கன மீட்டர். வெறும் பூச்சும் டைல்ஸும் உள்ள அறையின் உறிஞ்சு பரப்பு நடுத்தர அதிர்வெண்களில் 4 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். முழக்கம் இரண்டு நொடி. அதற்குள் ஒரு ஃபரன், அதாவது வேகமான சொற்கட்டுத் தொடர், முழுவதும் ஓடி முடிந்துவிடும். அரை நொடிக்குக் கொண்டுவர 16 சதுர மீட்டர் வேண்டும். அறையிலேயே நான்கு இருக்கிறது, நீங்களும் மாணவர்களும் சேர்ந்து மூன்று கொடுத்துவிடுவீர்கள். மீதி ஒன்பதுக்கு, இரண்டடிக்கு நான்கடியாக, 5 சென்டிமீட்டர் தடிமனில் 12 ராக்வூல் பலகங்கள் போதும். அவற்றை ஒரே சுவரில் அடுக்காமல், எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக முகம் பார்க்காதபடி மாற்றி மாற்றி, தரையில் அமர்ந்தவரின் கருவி உயரத்தில் தொடங்கி மாட்டுங்கள். கைதட்டிப் பாருங்கள், ‘டர்ர்ர்’ என்ற படபடப்பு எங்கே கேட்கிறதோ அங்கே ஒரு பலகம் குறைகிறது. வாசிப்பவருக்குக் கீழே கோரைப்பாய் இருக்கட்டும், கனத்த கம்பளம் வேண்டாம்.

கேள்வி: அறையை ஈ புகாதபடி மூடிவிட்டேன். ஸ்பிலிட் ஏ.சி.யும் போட்டாயிற்று. ஆனாலும் அரைமணி வாசித்தால் தலை வலிக்கிறது. – வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஸ்பிலிட் ஏ.சி. அறையிலுள்ள காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. நீங்கள் விட்ட மூச்சையே நீங்கள் மீண்டும் இழுக்கிறீர்கள். நான் முதன்முதலில் கட்டிய அறையிலும் இதே தவறைச் செய்தேன். திறப்பு விழாவன்று ஐந்து பேர் உள்ளே இருந்து நாற்பது நிமிடம் வாசித்தார்கள். கதவைத் திறந்தபோது வந்த வாடையையும், வெளியே வந்து படியில் உட்கார்ந்த பாடகரின் வெளிறிய முகத்தையும் மறக்கவில்லை. மறுநாளே சுவரை உடைத்தோம்.

காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி என இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் கனமான பிளைவுட் பெட்டியாக, உட்புறம் ராக்வூல் பலகம் பதித்து, காற்று குறைந்தது இரண்டு திருப்பங்களாவது வளைந்து செல்லும்படி இருக்கட்டும். வளைவில் காற்று திரும்பிவிடும். ஒலியோ ஒவ்வொரு திருப்பத்திலும் பஞ்சில் மோதி மெலியும். பெட்டி அகலமாகவும் விசிறி மெதுவாகவும் இருந்தால் காற்றின் இரைச்சலும் பதிவில் விழாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், வெஸ்ட் வாரிக் நகரின் ஸ்டேஷன் இரவு விடுதியில் 2003 பிப்ரவரி 20 அன்று 100 பேர் தீயில் இறந்தார்கள். மேடையைச் சுற்றிலும், டிரம்ஸ் வைக்கும் மாடத்திலும், சத்தம் பற்றிய அண்டை வீட்டாரின் புகாருக்காக ஒட்டப்பட்டிருந்த பாலியூரித்தேன் ஃபோம்தான் வாணத்தின் பொறி பட்டுப் பற்றிக்கொண்டது. 2013 ஜனவரி 27இல் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் கிஸ் என்ற விடுதியில் அதேபோல் கூரை ஃபோம் எரிந்து 242 பேர் மாண்டார்கள். அந்தப் புகையில் சில மூச்சுகளே ஆளை வீழ்த்திவிடும். ராக்வூல் கல்லை உருக்கி இழைத்தது, எரியாது. மின்கம்பிகளைப் பஞ்சுக்குள் வெறுமனே ஓடவிடாமல் குழாய்க்குள் விடுங்கள். கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளிருப்பவர் சாவி தேடும் நிலை வரக் கூடாது.

கேள்வி: பக்கத்து வீட்டார் காவல் நிலையத்துக்குப் போவேன் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? – வாசகர், சேலம்

பதில்: ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபலும், இரவில் 45 டெசிபலும் வரம்பு. தனியார் இடத்தில் வாசிக்கும் கருவியின் ஒலி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்குமேல் மிகக் கூடாது. உங்கள் மதில்சுவரருகே நின்று அளந்து 60 வந்தால் பகலில் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். கைப்பேசிச் செயலி காட்டும் எண் தோராயமானது. அதை நம்பி வாதாட வேண்டாம். அவர் வீட்டில் குழந்தை தூங்கும் நேரம் எதுவென்று கேட்டு அதற்கேற்ப வாசிப்பு நேரத்தை மாற்றிக்கொள்வது, நான் மேலே எழுதிய எல்லாவற்றையும்விட மலிவான ஒலித்தடுப்பு.

கேள்வி: அறைக்குள் பஞ்சு வைத்துவிட்டால் என் மகளின் காதுக்கும் பாதுகாப்பு ஆகிவிடுமா? – வாசகி, மதுரை

பதில்: ஆகாது, அம்மா. பஞ்சு குறைப்பது சுவரில் மோதித் திரும்பும் ஒலியை. உங்கள் மகளின் காதுக்கும் ஸ்னேருக்கும் நடுவே இரண்டடிதான். அந்த நேர் ஒலி எந்தப் பலகத்தையும் தொடாமல் வருகிறது. 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பணியிடங்களுக்கு அமெரிக்காவின் நயாஷ் என்ற தொழிற்பாதுகாப்பு நிறுவனம் வகுத்த பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். டிரம்ஸ் வாசிப்பு அதை எளிதில் தாண்டும். பாடம் தொடங்கும் நாளிலேயே, எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு அடைப்பான் சிம்பலைத்தான் அதிகம் மறைத்துவிடும். சிம்பல் கேட்கவில்லை என்று அவள் இன்னும் ஓங்கி அடிப்பாள். வேகப் பயிற்சியை ரப்பர் பேடில் முடித்துவிட்டு, முழு டிரம்ஸில் கடைசி இருபது நிமிடம் உட்காரட்டும்.